மார்கழிக் கல்யாணம்

ப்ரூஃப் பாக்குற வேலையான்னு மட்டும் கேக்காதீங்க. தயவுசெஞ்சு கேக்காதீங்க. பக்கத்து சீட்டு ஆளாச்சேன்னு நல்ல மனசோட என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டீங்க. புத்தகத்துல வர்ற தகவலைச் சரிபாக்கிற வேலைன்னு சொன்னேன். உடனே ‘ஓ, ப்ரூஃபா’ன்னுட்டீங்க. உங்க மேல கோபம் இல்லம்மா. இன்னிக்கு எனக்கு எல்லார் மேலயும் கோபம். உங்க மேலயும் கொஞ்சம் தெறிச்சிடுச்சு, அவ்வளவுதான். உக்காருங்க, உக்காருங்க. ஜன்னலை மூட வேணாம், காத்து வரட்டும். தாம்பரம் வரைக்கும்தானே? நானும் அங்கதான் இறங்கணும்.

ப்ரூஃப் பாக்கிறவங்க எழுத்துப் பிழை பாப்பாங்க. ஒற்று விட்டுப்போச்சா, சின்ன ர பெரிய ற மாறிப்போச்சான்னு. நான் பாக்கிறது வேற. ஒருத்தர் எழுதறார், ‘அன்று பௌர்ணமி, நிலா வெளிச்சத்தில் ஏரி பளபளத்தது’ன்னு. எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல. ஆனா அன்னிக்கு நெஜமாவே பௌர்ணமியான்னு யார் பாக்கறது? நான் பாக்கணும். பழைய பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துப் பாத்தா அமாவாசை முடிஞ்ச மறுநாளா இருக்கும். எழுதினவர் அழகா எழுதிட்டுப் போயிடுவார். நான் போய் ‘ஐயா, அன்னிக்கு நிலாவே இல்லீங்க’ன்னு சொல்லணும். சொன்னா பிடிக்குமா? பிடிக்காது. நான் என்னமோ அவர் வீட்டு நிலாவைத் திருடிட்டுப் போன மாதிரி பாப்பார்.

கைப்பிரதி வந்ததும் அச்செடுத்து வெச்சுக்குவேன். ஒரு பென்சில். பேரா, கோடு. ஊரா, கோடு. தேதி, தூரம், யார் பக்கத்துல யார் நின்னாங்க, என்ன பஸ்ல வந்தாங்க, எல்லாத்துக்கும் கீழ கோடு. அப்புறம் ஒவ்வொண்ணா விசாரிக்கணும். பழைய பேப்பரைப் பாக்கணும், ஆபீஸ்ல கேக்கணும், உயிரோட இருக்கிறவங்களைப் போன்ல கூப்பிட்டு ‘நீங்க இப்படிச் சொன்னீங்களா, இது இப்படித்தான் நடந்துச்சா’ன்னு கேக்கணும். சரின்னு தெரிஞ்ச பிறகுதான் அந்தக் கோட்டுக்கு மேல டிக் போடுவேன். தெரியலன்னா ஓரத்துல கேள்விக்குறி. நான் போட்ட டிக் ஒண்ணுகூட இதுவரைக்கும் பொய்யானதில்ல. இதை நான் பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்னே வெச்சுக்கங்க. எனக்குன்னு வேற என்ன இருக்கு?

முன்னாடி ஒரு வாரப்பத்திரிகையில டெஸ்க்ல இருந்தேன். அதை மூடிட்டாங்க. இப்ப வீட்டுலேர்ந்தே பாக்கறேன். எந்தப் பதிப்பகம் கூப்பிட்டாலும் பாப்பேன். எவனுக்கும் நான் ஆள் கிடையாது, என் பேர் எந்தப் புத்தகத்துலயும் வராது. அது எனக்கு வசதிதான். அப்படியே இருந்திருக்கலாம்.

இந்தப் புத்தகத்தோட பேரை நான் சொல்ல மாட்டேன். சொன்னா வாங்கிடுவீங்க. வித்துக்கிட்டே இருக்கு. தணிகைவேந்தன்னு ஒருத்தர் எழுதினது. முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஒரு ஏரி உடைஞ்சு ஒரு தெருவே போச்சே, கேள்விப்பட்டிருப்பீங்க. தென்சிறுவாக்கம் பெரிய ஏரி. நான் இப்ப அங்கேர்ந்துதான் வர்றேன். அந்த வெள்ளத்தைப் பத்தின புத்தகம். கதையில்ல, நடந்தது நடந்தபடின்னு அட்டையிலயே போட்டிருக்கு.

எட்வின்னு அந்தப் பதிப்பகத்துல ஒரு பதிப்பாசிரியர். நல்ல பையன். பையன்னா பையன் இல்ல, தலை நரைச்சாச்சு. முன்னாடி ஒரு தடவை அவங்க புத்தகத்துல ஏதோ கொலைக் கேஸ்ல சம்பந்தமே இல்லாத ஆளோட போட்டோவைப் போட்டு, அச்சடிச்சதையெல்லாம் கிழிச்சுப்போட வேண்டி வந்துச்சு. அதுலேர்ந்து பெரிய புத்தகம்னா என்கிட்ட அனுப்பிடுவார். ‘குமுதவல்லி மேடம், ஒரு தப்புகூடத் தப்பிக்கக் கூடாது’ன்னு சொல்லித்தான் குடுத்தார்.

தப்பிக்கல. கேளுங்க. அந்தப் புத்தகத்துல கொன்றை பூக்காத மாசத்துல கொன்றையைப் பூக்க விட்டிருந்தார். எடுத்தேன். அப்ப அந்த ஊருக்கு பஸ்ஸே கிடையாது, கடைசி பஸ்ல ஒருத்தர் வந்து இறங்கினார்னு எழுதியிருந்தார். எடுத்தேன். செத்துப்போன ஒரு குழந்தையோட பேரையே மாத்தி எழுதியிருந்தார்ம்மா. பெத்தவ இன்னும் இருக்கா, அவ படிச்சா என்ன ஆவும்? எடுத்தேன். சரியான பேரைப் போட்டேன்.

அப்புறம் லஸ்கர் வர்ற அத்தியாயம். லஸ்கர்னா ஏரிக்குக் காவல், மதகுல ஷட்டரைத் திறந்து மூடற ஆளு. பொதுப்பணித்துறை வேலை. அந்த ஊர் லஸ்கர் பேர் எட்டியப்பன். புத்தகத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னா, அன்னிக்கு மழை கொட்டுது, ஏரி நிரம்பி வழியுது, ஷட்டரைத் திறந்துவிட வேண்டிய எட்டியப்பன் பக்கத்து ஊர்ல ஒரு கல்யாண வீட்டுல குடிச்சிட்டு விழுந்து கிடந்தான். ‘பந்தலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது ஏரிக்கரையில் மரணம் காத்திருந்தது.’ இதுதான் வரி. அவன் இவன்னுதான் எழுதியிருந்தார். இஞ்சினியரை அவர்னு எழுதியிருந்தார், லஸ்கரை அவன்.

நான் பென்சிலை அப்படியே வெச்சிட்டேன். வெள்ளம் வந்தது மார்கழி மாசம். மார்கழியில எவன் வீட்டுலம்மா கல்யாணம் வெப்பாங்க? நீங்க சிரிக்கறீங்க. எட்வினுக்குப் போன் பண்ணினேன். ‘மேடம், டிசம்பர்ல எங்களுக்கும் கல்யாணம் கிடையாது. எனக்கே தோணியிருக்கணும்’னார். தோணல. யாருக்கும் தோணல. எனக்குத் தோணுச்சு.

தணிகைவேந்தனைக் கூப்பிட்டேன்.

‘ஐயா, எட்டியப்பன் கல்யாண வீட்டுல இருந்தார்னு எழுதியிருக்கீங்க.’

‘ஆமா.’

‘அது மார்கழி மாசம்ங்க.’

‘அதனால?’

‘மார்கழியில யாருங்க கல்யாணம் வெப்பாங்க?’

பக்கம் புரட்டற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் ‘காதுகுத்துன்னு போட்டுக்கங்க’ன்னார்.

‘அதுவும் வெக்க மாட்டாங்க.’

‘அட, என்னம்மா நீங்க! கிரகப்பிரவேசம்...’

‘மார்கழியிலயா?’

அவருக்குக் கோபம் வந்துடுச்சு. ‘சாவு நல்ல மாசம் பாத்துக்கிட்டா வருது? காரியம்னு போடுங்க. கருமாதி வீட்டுல குடிச்சான். மேளத்தை எடுத்துடுங்க. போதுமா?’

எழுதிக்கிட்டேன். கல்யாணத்தை அடிச்சு மேல காரியம்னு எழுதினேன். பந்தல் இருக்கலாம், காரியத்துக்கும் பந்தல் உண்டு. மேளத்தை எடுத்தேன். இதுவரைக்கும் என் வேலையில என்ன குத்தம்? சொல்லுங்க. அதோட விட்டேனா? விடல. ‘ஐயா, இதை உங்களுக்கு யார் சொன்னது?’ன்னு கேட்டேன். ஊரே சொல்லுதுன்னார். ஊர்னா யாருங்கன்னேன். துருவித் துருவிக் கேட்டதுல கடைசியில வந்துச்சு, ஓய்வுபெற்ற இஞ்சினியர் ஒருத்தர் சொன்னாராம், பேர் போட வேணாம்னாராம். எந்த இஞ்சினியர்? அப்ப அந்த ஏரிக்கு மேல இருந்தவரேதான்! ஏரி உடைஞ்சா முதல்ல யார் கழுத்துக்குக் கத்தி வரணுமோ அந்த மனுஷன். அவர் சொன்னாராம், இவர் எழுதினாராம்.

எட்டியப்பன் அப்பவே செத்துப்போயிட்டார். வெள்ளத்துல இல்ல. வெள்ளம் வடிஞ்சதும் ஊர் சேர்ந்து அவரை அடிச்சுப்போட்டுச்சு. வேலையும் போச்சு. அப்புறம் ரொம்ப நாள் தாங்கல. ஆனா குடும்பத்துல யாராவது இருப்பாங்கல்ல? அந்த ஊர்ப் பால் சொசைட்டிக்குப் போன் பண்ணி விசாரிச்சேன். ஒரு பொண்ணு இருக்கா, அஞ்சலாட்சின்னு பேர், மாவு அரைச்சு விக்கிறான்னு நம்பர் குடுத்தாங்க. தணிகைவேந்தன் அந்த ஊர்ல போய்த் தங்கி எழுதினதாச் சொல்றார். அந்தப் பொண்ணு வீட்டுக் கதவை ஒரு தடவைகூடத் தட்டலம்மா. ஒரு தடவை.

அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணினேன். கிரைண்டர் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அதை நிறுத்திட்டு வந்து, ‘எங்கப்பாவைப் பத்தி என்னா தெரியணும் உங்களுக்கு?’ன்னா.

‘வெள்ளத்தன்னிக்கு அவர் எங்க இருந்தார்?’

‘மதகுலதான். வேற எங்க இருப்பாரு?’

‘குடிப்பாரா?’

கேக்கக் கூடாதுதான். கேட்டுத்தான் ஆகணும். அதுதான் என் வேலை.

‘குடிப்பாரு’ன்னா. மறைக்கல பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சுது. ‘குடிப்பாரு, ஆனா ஐப்பசி பொறந்தா தொட மாட்டாரு. தண்ணி எறங்கற வரைக்கும் தொட மாட்டாரு. அன்னிக்கு ஷட்டரு மேல ஏறலீங்க. துருப்பிடிச்சு இறுகிக் கெடந்துச்சு. மழைக்கு முன்னாடியே ஆபீஸ்ல சொல்லிச் சொல்லிப் பாத்தாரு, கிரீஸ் டப்பா ஒண்ணு குடுக்க ஆளில்ல. காலையில வூட்டுக்கு வந்தப்ப ரெண்டு உள்ளங்கையும் தோலு உரிஞ்சு தொங்குச்சு. எங்கம்மாதான் மஞ்சப்பத்து போட்டாங்க. நான் பாத்தேன் மேடம். சின்னப் பொண்ணுதான், ஆனா நான் பாத்தேன்.’

அப்புறம் கேட்டா, ‘புத்தகத்துல மாத்திடுவீங்கல்ல?’

‘எழுதி அனுப்பறேன்’னேன். மாத்திடறேன்னு நான் சொல்லல. நல்லா ஞாபகம் இருக்கு, எழுதி அனுப்பறேன்னுதான் சொன்னேன்.

அனுப்பினேன். அந்தப் பத்திக்குப் பக்கத்துல பெரிய கேள்விக்குறி, ஆதாரம் இல்லை, மகள் மறுக்கிறார், சேர்க்க வேண்டாம், இல்லன்னா ரெண்டு தரப்பையும் சேர்க்கணும்னு தெளிவா எழுதினேன். ஆபீஸ்ல கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. எட்வின், நான், தணிகைவேந்தன், ஒரு வக்கீல். டீ வந்துச்சு, யாரும் குடிக்கல.

‘மேடம், பெத்த பொண்ணு அப்பாவுக்காகப் பேசத்தான் செய்வாங்க. அதை ஆதாரம்னு எடுத்துக்க முடியுமா?’ன்னார் எட்வின்.

‘அப்ப இஞ்சினியர் தன்னைக் காப்பாத்திக்கப் பேசறதை மட்டும் எடுத்துக்க முடியுமா?’

தணிகைவேந்தன் என் பக்கமே திரும்பல. எட்வினைப் பாத்து, ‘இவங்க வேலை கமா, தேதி பாக்கறதுதானே? புத்தகம் யாருடையது?’ன்னார். தேதி பாக்கலன்னா மார்கழியில கல்யாணம் பண்ணியிருப்பீங்களே ஐயான்னு சொல்லிட்டேன். வாய் சும்மா இருக்கல. அந்த ஆள் முகம் செவந்து போச்சு.

வக்கீல் ஒரே ஒரு வார்த்தை பேசினார். ‘லஸ்கர் உயிரோட இல்லையே? அப்ப யாரும் கோர்ட்டுக்கு அலைய மாட்டாங்க. பயப்பட வேண்டாம்.’ இதை எப்படிச் சொன்னார்ங்கறீங்க? ஆறுதல் சொல்ற மாதிரி சொன்னார்ம்மா. எல்லார் முகமும் லேசாச்சு. எட்வின் டீயை எடுத்துக் குடிச்சார். செத்தவர் மேல எதை வேணா அள்ளிப் பூசலாம், அவர் வந்து துடைச்சுக்கப் போறதில்லன்னு எல்லாருக்கும் ஒரு நிம்மதி. நான் பையை எடுத்துக்கிட்டேன். எழுந்து வந்துட்டேன்.

புத்தகம் வந்துச்சு. காரியம்னே வந்துச்சு. என் கேள்விக்குறியை அழிச்சிட்டாங்க, என் திருத்தத்தை மட்டும் வெச்சுக்கிட்டாங்க. மதிப்புரை எழுதினவங்கெல்லாம் என்ன எழுதினாங்க தெரியுமா? ‘தேதி முதல் மரத்தின் பூ வரை ஒரு தகவல் பிழையும் காண முடியவில்லை.’ ‘இத்தனை துல்லியமாகச் சொல்பவர் சொல்வது எதையும் நம்பலாம்.’ யாரோட துல்லியம்? என் கண்ணு போச்சு அதுக்கு. பாராட்டு அந்த மனுஷனுக்கு. போகட்டும், எனக்குப் பாராட்டு வேணாம். ஆனா கடைசிப் பக்கத்துல நன்றின்னு போட்டு, ‘இந்நூலின் ஒவ்வொரு தகவலையும் சரிபார்த்து உறுதிசெய்த திருமதி குமுதவல்லி அவர்களுக்கு’ன்னு போட்டிருக்கார். ஒவ்வொரு தகவலையும்! உறுதிசெய்த! இத்தனை வருஷத்துல என் பேர் முதல் தடவையா ஒரு புத்தகத்துல வருது, அதுவும் பொய்க்குச் சாட்சிக் கையெழுத்தா வருது. போன் பண்ணிக் கத்தினேன். ‘மேடம், அவர் பெருந்தன்மையாப் போட்டார், நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சோம்’கிறார் எட்வின்.

யார் என்ன ஆனாலும் எனக்கென்னன்னு இருந்திருப்பேன். போன வாரம் அந்தப் பொண்ணு கூப்பிட்டா. ‘புத்தகம் வாங்கிப் படிச்சோம். கடைசியில உங்க பேரு போட்டிருக்கு’ன்னா. வேற ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன். இவ சும்மா சொல்லிட்டு போனை வெச்சிட்டா. எனக்குச் சோறு இறங்கல. நேர்ல போய்ச் சொல்லிடணும், என் மேல தப்பு இல்லன்னு புரிய வெச்சிடணும். அதுக்குத்தான் இன்னிக்குக் காலையில கிளம்பி வந்தேன்.

சின்ன வீடு. வாசல்ல மாவு வாங்க வந்தவங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. அவ என்னை உள்ள உக்கார வெச்சிட்டு அவங்களை அனுப்பிட்டு வந்தா. நான் எல்லாத்தையும் சொன்னேன், உங்ககிட்ட சொன்ன மாதிரியே. கேள்விக்குறி போட்டது, வக்கீல் சொன்னது, நான் எழுந்து வந்தது. கேட்டுக்கிட்டே இருந்தா. முகம் கொஞ்சம் இளகுச்சு. அப்ப நான் சொன்னேன், ‘அந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. முதல்ல என்ன எழுதியிருந்தார் தெரியுமா? உங்கப்பா கல்யாண வீட்டுல குடிச்சார்னு எழுதியிருந்தார். மார்கழியில கல்யாணம்! நான்தான் கண்டுபிடிச்சேன்.’

அவ சிரிப்பான்னு நெனச்சேன். அவ என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.

‘கல்யாணம்னா எழுதியிருந்தாரு?’

‘ஆமா.’

‘நீங்கதான் மாத்தினீங்களா?’

‘நான் மாத்தல. தப்புன்னு சொன்னேன், அவர் காரியம்னு மாத்தினார்.’

அவ புடவைத் தலைப்பை இடுப்புல செருகிக்கிட்டு எழுந்து நின்னா. ‘அப்படியே வுட்டிருக்கலாமே மேடம். எங்க ஊருல எந்தக் கொழந்தை படிச்சாலும் மார்கழியில ஏதுடா கல்யாணம்னு கேட்டிருக்குமே. படிச்சவுடனே பொய்யுன்னு தெரிஞ்சிருக்குமே. எங்கப்பா மேல சொன்ன பொய்யில அந்த ஒரு ஓட்டைதான் இருந்துச்சு. அதையும் நீங்க அடைச்சுக் குடுத்துட்டீங்களே.’

‘என் வேலையே தப்பைத் திருத்தறதுதாம்மா’ன்னேன்.

‘சரி, காரியம்னு மாத்தினீங்களே, யாரு வூட்டுக் காரியம்னு கேட்டீங்களா?’

நான் கேக்கல. கேக்கலன்னா, அச்சுக்குப் போக நாள் நெருங்கிடுச்சு. கேள்விக்குறி போட்டாச்சே, அதுல எல்லாமே அடக்கம். ஒவ்வொண்ணையும் தனித்தனியாக் கேட்டுக்கிட்டிருக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க.

‘அந்த மாசமோ முந்தின மாசமோ எங்க வகையறாவுல சாவே இல்ல மேடம். இந்த ஊருலயும் இல்ல, பக்கத்து ஊருலயும் இல்ல. சாவெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.’

வெளியில பஞ்சாயத்து நூலகத்துக்குப் பக்கத்துல ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காங்க. சாயந்திரம் தணிகைவேந்தனுக்குப் பாராட்டு விழா. எந்த ஊர்ல எட்டியப்பனை அடிச்சாங்களோ அதே ஊர்ல. அந்தப் பொண்ணு சொன்னா, அவளோட மக டவுன்ல படிக்கிற ஸ்கூல்ல, டீச்சர் அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லி, அந்த மகதான் எந்திரிச்சு வாசிச்சாளாம். தாத்தான்னு அங்க யாருக்கும் தெரியாதாம். தெரியாத மாதிரியே வாசிச்சிட்டு உக்காந்துட்டாளாம்.

‘அடுத்த தபா அச்சுப் போடறப்பவாச்சும் பழையபடி கல்யாணம்னே போடச் சொல்லுங்க மேடம்’னா அஞ்சலாட்சி. ‘நெசத்தைப் போட மாட்டாங்க. நான் கேக்கவும் இல்ல. அந்தாளு மொதல்ல எழுதின பொய்யை, எழுதினபடியே போடச் சொல்லுங்க. அது போதும் எனக்கு.’

எனக்குக் கோபம் வந்துச்சு. வராதா? ‘தெரிஞ்சே ஒரு தப்பைப் போடச் சொல்ல என்னால முடியாதும்மா. நான் பாக்கற வேலைக்கே அர்த்தம் இல்லாம போயிடும்’னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். தண்ணி குடுத்தா, அதைக்கூடக் குடிக்கல. இவளுக்காக அத்தனை பேர்கிட்ட சண்டை போட்டவ நான். ஆபீஸ்ல கமா பாக்கிறவன்னு பேச்சு வாங்கினவ நான். கடைசியில ஓட்டையை அடைச்சவ நானாம்! நல்லா இருக்கே நியாயம்.

பஸ்ஸுக்கு நின்னேன். எதிர்ல அந்த ஃப்ளெக்ஸ். அதுல பெரிய எழுத்துல, ‘பிழையே இல்லாத வரலாறு எழுதியவரே, வருக!’ பக்கத்துல டீக்கடை. டீ வாங்கிக்கிட்டு அங்க உக்காந்திருந்தவங்ககிட்ட சும்மா கேட்டேன், வெள்ளத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் யார் வீட்டுலயாவது சாவு விழுந்துச்சான்னு. ஒரு பெரியவர் யோசிச்சார், பக்கத்துல இருந்த அம்மா யோசிச்சாங்க, கடைக்காரர் யோசிச்சார். ‘அந்த மாசமும் இல்ல, முந்தின மாசமும் இல்லியே. ஏரி ஒடைஞ்ச பொறவுதான் ஒரேயடியா போச்சு’ன்னாங்க. அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கிற நேரம்.

அங்க நின்னே எட்வினைக் கூப்பிட்டேன். இரண்டாம் பதிப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியும்.

‘எட்வின், லஸ்கர் அத்தியாயத்துல ஒரு திருத்தம். அந்தப் பத்தியை எடுத்துடுங்க. அன்னிக்கு எந்த வீட்டுலயும் காரியம் நடக்கல, விசாரிச்சிட்டேன்.’

‘மேடம், அவர் ஒத்துக்க மாட்டார். அந்த அத்தியாயமே அந்தப் பத்தியை வெச்சுத்தான் நிக்குது.’

‘அப்ப பழையபடி கல்யாணம்னு போடுங்க.’

‘என்னது?’

‘அவர் எழுதினது கல்யாணம். அவர் எழுதினதை அப்படியே போடுங்க. நான் பண்ணின திருத்தத்தை நான் வாபஸ் வாங்கிக்கறேன்.’

‘மேடம், மார்கழியில கல்யாணம் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? தெரிஞ்சே எப்படித் தப்பைப் போடறது? நம்ம பதிப்பகத்தோட பேர் என்ன ஆகும்?’

கேட்டீங்களா? ஒரு மனுஷன் பேர் முப்பது வருஷமா நாறுது, அதுக்கு ஒண்ணும் இல்ல. பதிப்பகத்தோட பேர் கெட்டுடுமாம்! தெரிஞ்சே தப்புப் போட மாட்டாங்களாம்! ஆமா, அதையேதான் நானும் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். ஆனா நான் சொன்னது வேற, அவர் சொல்றது வேற. வேறதான். எப்படி வேறன்னு கேக்காதீங்க, நானும் ஏறினதுலேர்ந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வர்றேன்.

அப்புறம் எட்வின் ரொம்ப நயமாச் சொன்னார், ‘மேடம், உங்களுக்கு வருத்தம்னு தெரியுது. ஒண்ணு பண்றேன், நன்றிப் பக்கத்துலேர்ந்து உங்க பேரை எடுத்துடறேன். நீங்கதான் அன்னிக்கு அவ்வளவு கோபப்பட்டீங்களே.’

அதாவது இரண்டாம் பதிப்புல ஒரே ஒரு திருத்தம் பண்ணுவாங்க. என் பேரை எடுப்பாங்க. அது மட்டும் உடனே முடியும், யாரையும் கேக்க வேணாம், வக்கீல் வேணாம், எழுத்தாளர் ஒத்துக்கணும்னு இல்ல. நானும் அதைத்தானே கேட்டு அன்னிக்குக் கத்தினேன்?

பஸ் வந்துடுச்சு. ஒரு காலைப் படியில வெச்சுக்கிட்டுச் சொன்னேன். ‘என் பேரை எடுத்தா தெரியும் சேதி! அது அங்கயே இருக்கட்டும். ஒரு எழுத்து மாத்தக் கூடாது. வேணும்னா என் போன் நம்பரையும் சேத்துப் போடுங்க.’ அவர் என்னமோ சொல்ல வந்தார், நான் வெச்சிட்டேன். இனிமே அவங்க வேலை எனக்கு வராது. வேணாம்.

அந்தப் பேரைப் பாத்துத்தான்ம்மா அந்தப் பொண்ணு என்னைக் கூப்பிட்டா. நாளைக்கு இன்னொருத்தர் கூப்பிடட்டும். இதெல்லாம் நெஜமாங்கன்னு கேக்கட்டும். தணிகைவேந்தன் என்னை உறுதிசெய்தவர்னு போட்டிருக்கார்ல? கேக்கறவங்ககிட்டெல்லாம் உறுதியாச் சொல்றேன், எட்டியப்பன் அன்னிக்கு எந்த வீட்டு விசேஷத்துக்கும் போகல, எந்த வீட்டுச் சாவுக்கும் போகல, விடிய விடிய மதகுலதான் நின்னார்னு. இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்கதான் முதல் ஆள்.